நாற்பத்தேழாம் எண் அட்டை

கிரிக்கெட் வீரர்களின் படம் போட்ட அட்டைகளைச் சேர்க்கிற வயதா எனக்கு? நாற்பத்தாறு முடிந்துவிட்டது. நான் இருக்கிற வெரிபீ என்கிற புறநகரில் பால் வாங்கப் போன கடையில், கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்கிய பாக்கெட் ஒன்றை ஏனோ சேர்த்து வாங்கினேன். அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து பிரித்தேன். புது மை வாசம். ஒட்டிக்கொண்டிருந்த அட்டைகளைப் பெருவிரலால் ஒவ்வொன்றாகத் தள்ளும்போது அடுத்தது யாரென்று ஒரு படபடப்பு. விசா அலுவலகத்துக் கடிதத்தைப் பிரிக்கும்போதும் படபடப்பு வரும், அது வேறு வகை. இதனால் யாருக்கும் கேடில்லை. அன்றிலிருந்து வாரத்துக்கு ஒன்று வாங்கினேன்.

வேலை பக்கத்துப் புறநகரான ட்ருகனினாவில், ஒரு பண்டகசாலையில். காதில் மாட்டிய கருவிக்குள் ஓர் இயந்திரக் குரல் எடுக்கவேண்டிய பொருளின் அடுக்கு எண்ணை நாள் முழுக்கச் சொல்லும். அதையே நான் திருப்பிச் சொல்லவேண்டும். அது நன்றி சொல்லாது, நானும் எதிர்பார்ப்பதில்லை. வாடகையைப் பங்குபோட்டு இருக்கிற வீட்டில் இன்னும் நான்கு பேர் இருக்கிறார்கள். ஆளுக்கொரு ஷிப்ட். வாசலில் கிடக்கிற சப்பாத்தைப் பார்த்துத்தான் யார் உள்ளே இருக்கிறார் என்று தெரிந்துகொள்வேன். வாரத்தில் ஆறு நாள் நான் வாய் திறந்து பேசியதெல்லாம் எண்கள்தான்.

ஞாயிறு காலையில் ஊர் மண்டபமொன்றில் அட்டை மாற்றுகிறவர்கள் கூடுவார்கள் என்று கடைக்காரப் பெண் சொன்னாள். போனேன். ஒரு மேசையில் கை நிறைய அட்டைகளைப் புரட்டிவிட்டு, "சீ, இதெல்லாம் என்னட்டை ஏற்கெனவே இருக்கு" என்று வாய்க்குள் முணுமுணுத்தேன்.

"தமிழா நீங்க?" என்று பக்கத்தில் நின்றவர் கேட்டார்.

"ஓம்."

ஆமாம் என்பதற்கு எங்கள் ஊரில் சொல்கிற அந்த 'ஓம்' அவருக்குப் பிடித்துவிட்டது. சிரித்தார். கோயம்புத்தூர்ப் பக்கம், கணினி வேலை, ட்ருகனினாவில் வீடு கட்டி மனைவியோடு இருக்கிறார். என்னைவிட நாலைந்து வயது இளையவர். எண்பது அட்டைகள் கொண்ட அந்தத் தொகுப்பில் அவருக்கு நாற்பத்தேழாம் எண் மட்டும் குறைந்தது. அதில் இருப்பவர் ஒரே பருவம் ஆடிவிட்டுக் காணாமல் போன ஒரு சுழற்பந்து வீச்சாளர். அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் இருவரும் மேசை மேசையாகப் போய் நாற்பத்தேழு இருக்கிறதா என்று கேட்போம். பிறகு மண்டபத்து மூலையில் தேநீர் ஊற்றிக்கொண்டு, இட்லிக்குத் தேங்காய்ச் சட்னியா சம்பலா என்று சண்டை பிடிப்போம். நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

ஒரு புதன்கிழமை நான் பிரித்த பாக்கெட்டில் நாற்பத்தேழு இருந்தது. துள்ளிக் குதிக்காத குறை. பிறகுதான் யோசித்தேன். இதைக் கொடுத்தால் அவர் தொகுப்பு முடிந்துவிடும். பிறகு எதற்கு மண்டபத்துக்கு வருவார்? அட்டையைப் பெட்டியின் அடியில் வைத்தேன். எட்டு ஞாயிறு அவரோடு சேர்ந்து தேடினேன். அவருக்கு முந்தி நானே மேசைக்காரர்களிடம் கேட்டேன். அவ்வளவு கேவலமாக நடந்துகொண்டேன்.

எட்டாவது ஞாயிறு அவர் காய்ச்சலோடு வந்தார். கண் சிவந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு மேசை மேசையாக நடந்தார். ஓர் அட்டைக்காக இப்படி அலைகிறாரே என்று என்னால் தாங்க முடியவில்லை. அடுத்த வாரம் கொடுத்துவிடுவது என்று முடிவெடுத்தேன்.

கொடுப்பதை ஒழுங்காகக் கொடுக்கவேண்டும் அல்லவா? எங்களுக்கு ஒழுங்கு என்றால் லமினேட் செய்வது. ஊரில் போர்க்காலத்தில் அடையாள அட்டை கிழிந்தால், சோதனைச்சாவடியில் நாங்கள் ஆளே இல்லை என்றாகிவிடும். இந்த நாட்டுக்குப் படகில் வந்தபோது இடுப்பில் கட்டியிருந்த என் அட்டை பிளாஸ்டிக்குக்குள் இருந்ததால்தான் கடல் தண்ணீரில் பிழைத்தது. பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ் எல்லாமே அப்படித்தான் வைத்திருக்கிறேன். கடையில் கொடுத்து நாற்பத்தேழையும் சூடாக ஒட்டுவித்தேன். பளபளவென்று வந்தது.

ஞாயிறு காலை நீட்டினேன்.

"ஐயையோ! லேமினேட் பண்ணிட்டீங்களா?" தலையில் கை வைத்துவிட்டார். "பிளாஸ்டிக் ஒட்டிருச்சுன்னா அட்டையே வீணுங்க. ஆல்பத்துலயும் நுழையாது."

அடையாள அட்டைக் கதையைச் சொன்னேன். அவர் முகம் இளகியது. "பரவாயில்லைங்க. வேற தேடிக்கலாம்."

வேறு தேடலாம்! உண்மையைச் சொல்கிறேன், பாழாக்கியதற்காக வருந்தவேண்டிய நேரத்தில் எனக்குச் சந்தோஷம் பொங்கியது. அந்தச் சந்தோஷத்தில் வாய் சும்மா கிடக்கவில்லை. "ரெண்டு மாசமா ஒரு கீறலும் விழாமல் வைச்சிருந்தனான்" என்றேன்.

"ரெண்டு மாசமாவா?"

நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"அப்ப நாம ரெண்டு பேரும் இங்க சுத்திச் சுத்தித் தேடினப்ப, இது உங்ககிட்டதான் இருந்துச்சா?"

"ஓம்."

"ஏங்க?"

நீங்கள் வராமல் விட்டுவிடுவீர்கள் என்று பயந்தேன். அதைச் சொல்லியிருக்கலாம். "சும்மாதான்" என்றேன்.

அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "இது ஆன்லைன்ல எப்பவும் கிடைக்குதுங்க. வாங்கிட்டா இங்க வர்றதுக்கு வேலை இல்லாமப் போயிடும்னு நான்தான் வாங்காம இருந்தேன்" என்றார். பிறகு அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார். அன்றைக்கு இருவரும் தேநீர் குடிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த இரண்டு ஞாயிறும் பத்து மணியிலிருந்து மண்டபம் பூட்டும்வரை கதிரையில் உட்கார்ந்திருந்தேன். போன் பண்ணிக் கேட்கலாம் என்றால் என்னிடம் அவர் நம்பர் இல்லை. வீடு எந்தத் தெருவில் என்றும் தெரியாது. இத்தனை மாதத்தில் ஒருநாளும் கேட்டதில்லை. ஓர் அட்டை குறைகிறவரை அவர் வருவார் என்று நினைத்திருந்தேன்.