ஒரு கோடிக்கு வாரிசு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட் வாசலில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். வீடு ராஜபாளையத்தில். காலை பஸ்ஸில் ஏறினால் அரைமணி நேரத்தில் வந்து இறங்கிவிடலாம், உட்கார இடம் மட்டும் கிடைக்காது. புங்கமரத்தடியில் ஒரு மேஜை, அதன்மேல் ஒரு தமிழ் மெஷின். வாய்தா மனு, வாடகை ஒப்பந்தம், பாகப்பிரிவினை என்று வந்ததையெல்லாம் அடிப்பேன். தப்பைக் கண்டால் எனக்குப் பொறுக்காது. வக்கீலே எழுதிக் கொடுத்திருந்தாலும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். அதனால் அந்த வளாகத்தில் எனக்கு வாய்க்காரி என்று பெயர்.

எனக்கு அடுத்த மேஜை ஸ்டாம்ப் வெண்டருடையது. முத்திரைத்தாள் விற்பவர், ஐம்பது வயதைத் தாண்டியவர். அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். எதிரே டீக்கடை பாய். அவர் இளவயதில் புனலூரில் டீ ஆற்றியவர், மலையாளம் எழுத்துக் கூட்டிப் படிப்பார். நாங்கள் மூவரும் மாதம் ஒரு லாட்டரிச் சீட்டு கூட்டாக வாங்குவோம்.

பத்திரம் விற்கிற அண்ணாச்சிக்கே உள்ளே ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. எதிராளி அவருடைய கூடப் பிறந்த அண்ணன். அப்பா விட்டுப்போன ஒரே வீடு, நடுவில் ஒரு சுவர், கிணறு ஒன்று, அதற்குக் கயிறு இரண்டு. பதிமூன்று வருஷமாக இரண்டு பேரும் பேசிக்கொண்டதில்லை. அண்ணாச்சியின் மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளையும் இல்லை. அவரைக் காலையில் எழுப்பி வேட்டி கட்ட வைத்ததே அந்த வழக்குதான் என்று நான் நினைப்பதுண்டு. பரிசு விழுந்தால் அண்ணனுடைய பாதியைச் சொன்ன விலைக்கு வாங்கி, அவரைச் சட்டிபானையோடு தெருவில் இறக்க வேண்டும். தினமும் டீ குடிக்கும்போது இதைச் சொல்வார். வேறு ஆசை எதையும் அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்த வருஷம் ஓணத்துக்கு முன்னால் லாட்டரிக்காரர் சைக்கிளை எங்கள் முன் நிறுத்தி மூன்று பம்பர் சீட்டுகளைக் காட்டினார். நம் மாநிலத்துச் சீட்டுக்கு ஐம்பது லட்சம். கேரளச் சீட்டுக்கு ஒரு கோடி. வடக்கே எங்கோ மலைநாட்டுச் சீட்டு ஒன்று, அதற்கு இரண்டு கோடி. அண்ணாச்சியின் கை நேராக இரண்டு கோடிக்குப் போனது. பாய்க்குக் கேரளம்தான் வேண்டும். நான் இரண்டு பேரையும் சும்மா இருக்கச் சொல்லிவிட்டு மூன்றையும் திருப்பிப் போட்டு, பின்பக்கப் பொடி எழுத்தைப் படிக்க ஆரம்பித்தேன். என் தொழிலே அதுதானே.

மலைநாட்டுச் சீட்டில், விற்காத சீட்டுக்குப் பரிசு விழுந்தால் என்ன கதி என்று ஒரு வரிகூட இல்லை. கேரளச் சீட்டில் விற்ற சீட்டுகளிலிருந்துதான் குலுக்கல் என்று இருப்பதைப் பாய் படித்துச் சொன்னார். ஆனால் அதில் சீரீஸ், அதாவது நம்பருக்கு முன்னால் வரும் எழுத்து வரிசை, அதிகம். நம் ஊர்ச் சீட்டில் பரிசு பாதி, சீரீஸும் குறைவு. ஆறு இலக்கம் என்றால் ஒரு சீரீஸுக்குப் பத்து லட்சம் சீட்டு என்று கணக்குப் போட்டதும் எனக்கு மூச்சு நின்றுவிட்டது. ஆடிப்பூரத் தேருக்கு வருகிற கூட்டத்தை எத்தனையோ முறை ஒன்றாகச் சேர்த்து நிறுத்தி, மேலேயிருந்து ஒரே ஒரு பூவைப் போட்டால் அது யார் தலையில் விழும்? அதை அவர்களிடமும் சொன்னேன். பயந்து சீட்டை வைத்துவிடுவார்கள் என்று பார்த்தால் இரண்டு பேரும் வாயைப் பிளந்துகொண்டு வானத்தைப் பார்த்தார்கள். "எப்பிடியும் யாரோ ஒருத்தர் தலையில விழத்தானம்மா போகுது" என்றார் பாய். நானும் வானத்தைத்தான் பார்த்தேன்.

நியாயமாகப் பார்த்தால் நம் ஊர்ச் சீட்டுதான் புத்திசாலித்தனம். அப்படித்தான் வாதாடினேன். கடைசியில் நானே கேரளத்துக்கு மாறினேன், அதையே வாங்கினோம். காரணத்தை அன்று சொல்லவில்லை, இன்று சொல்கிறேன். அதுவரை நான் அடித்த தொகைகளெல்லாம் லட்சத்திலேயே நின்றவை. ஒரு கோடி என்று ஒரு தடவையாவது என் விரலால் அடிக்க வேண்டும் போலிருந்தது.

அடிக்க வேண்டிய அவசியமும் வந்தது. சீட்டைக் கையில் வைத்திருப்பவருக்கே பரிசு என்று பின்பக்கம் போட்டிருந்தது. அண்ணன் தம்பி சண்டையை நாள் முழுக்கப் பார்க்கிற நாங்கள் அதைப் படித்துவிட்டு எப்படிச் சும்மா இருப்போம்? பரிசு விழுவதற்கு முன்பே பங்கு ஒப்பந்தம் எழுதிவிடுவது என்று முடிவானது. ஊரில் வேறு யாரும் செய்யாத கிறுக்குத்தனம். அண்ணாச்சி தன் பெட்டியிலிருந்து ஒரு முத்திரைத்தாளை எடுத்து இனாமாகவே நீட்டினார். அவர் இனாமாகக் கொடுத்து நான் பார்த்தது அதுதான் முதல்.

ஒன்றை அடித்தேன். பின்னால் ஏழு சைபர். ஒவ்வொரு சைபருக்கும் மெஷினின் வண்டி நகர நகர எனக்கு உடம்பு சிலிர்த்தது. 'எழுத்தால் ரூபாய் ஒரு கோடி மட்டும்' என்று அடித்துவிட்டுக் கையை எடுத்தேன். பாய் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு வந்து அந்த வரியை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்து வாரிசு. பங்குதாரர் யாரும் இடையில் காலமானால் அவர் பங்கு யாருக்கு என்று எழுதாவிட்டால் அது என்ன ஒப்பந்தம்? பாய் தன் வீட்டம்மா பெயரைச் சொன்னார். எனக்கு என் மகள். அண்ணாச்சி பக்கம் திரும்பினேன். அவர் பேனா மூடியைத் திருகினார், கழற்றினார், மறுபடி திருகினார். கேட்டிருக்கக் கூடாதோ என்று எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"எங்க அண்ணன் பேரைப் போடும்மா" என்றார்.

தெருவில் இறக்கவிருந்த அண்ணனா என்று என் வாய்வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அடித்தேன்.

சாட்சிக் கையெழுத்துக்கு அங்கே ஆள் பஞ்சமா? டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் சிரித்துக்கொண்டே போட்டார்கள். அதில் ஒருவர் அந்த அண்ணனுடைய வக்கீலின் குமாஸ்தா என்பது எங்களுக்கு உறைக்கவே இல்லை.

குலுக்கல் முடிவு பேப்பரில் வந்தது. எங்களுக்கு ஆறுதல் பரிசுகூட இல்லை. பாய் சீட்டை மடித்து ஆட்டம் கண்ட பெஞ்சின் காலுக்கு அடியில் செருகினார். அண்ணாச்சி ஒப்பந்தத்தைக் கிழிக்காமல் தன் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியதை மட்டும் கவனித்தேன்.

ஒரு மாதம் கழித்து, வழக்கின் வாய்தா நாளில், அந்த அண்ணன் நேராக என் மேஜைக்கு வந்து நின்றார். வழுக்கைத் தலை, தம்பியின் அதே மூக்கு. சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து வைத்தார்.

"அவன் எழுதுன மாதிரியே எனக்கும் ஒண்ணு அடிக்கணும்மா. நான் இல்லாட்டி இது அவனுக்கு."

அவருக்குக் கட்டிக்கொடுத்த மகள்கள் இரண்டு பேர் இருப்பது எனக்குத் தெரியும், அவர்களைப் பற்றிக் கேட்டேன். அவர்களுக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தாயிற்று என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவன் ஒரு கோடிக்குத்தான எழுதுனான். இது ரெண்டு கோடி" என்றார்.

சீட்டைப் பார்த்தேன். நான் வேண்டாம் என்று தள்ளிய அதே மலைநாட்டுச் சீட்டு, அடுத்த குலுக்கலுக்கு உரியது. பின்பக்கத்தில் விற்காத சீட்டைப் பற்றிய அந்த வரி இன்னமும் இல்லை. தப்பைக் கண்டும் நான் வாயைத் திறக்காதது என் வாழ்க்கையில் அந்த ஒரு நாள்தான்.

முத்திரைத்தாள் இல்லாமல் அடிக்க முடியாது, வாங்கி வாருங்கள் என்று மட்டும் சொன்னேன். வேறு எங்கே வாங்குவார்? நாலு எட்டு நடந்து அடுத்த மேஜைக்குப் போனார். அண்ணாச்சி குனிந்து பதிவேட்டில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். பத்திரம் வாங்க வருகிற எல்லோரிடமும் கேட்பதைப் போலவே, தலையைத் தூக்காமல், "யார் பேருக்கு?" என்று கேட்டார்.

"ஏலே, எம்பேரு மறந்து போச்சா?"

அண்ணாச்சி நிமிர்ந்தார். பாய் பாதி ஆற்றிய டீயைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு அண்ணாச்சி ஒரு தாளை எடுத்து, முத்துமுத்தாக அண்ணன் பெயரை எழுதி நீட்டினார். அண்ணன் மடியிலிருந்து காசை எடுத்தார். அண்ணாச்சி வாங்கவில்லை.