ஹாலில் படுத்திருந்த புரோகிராம்

போன வாரம் ஒரு காலை. வாயில் பிரஷோடு நின்றிருந்தேன். மனைவி செல்போனை நீட்டினாள்.

"எங்கண்ணன் கூப்பிடுதான். குரலே சரியில்ல. என்ன செஞ்சு வச்சீங்க?"

கவனியுங்கள். 'என்ன ஆச்சாம்' என்று கேட்கவில்லை. 'என்ன செஞ்சு வச்சீங்க' என்றுதான் கேட்டாள். இத்தனை வருடம் என்னோடு குடும்பம் நடத்திய அனுபவம் அப்படிப் பேச வைக்கிறது.

மச்சானுக்குக் குற்றாலத்தில் ஒரு சின்ன லாட்ஜ். சாரல் அடித்து, அருவியில் தண்ணீர் விழுகிற அந்தச் சில மாதங்கள்தான் அவருக்குப் பிழைப்பு. மற்ற மாதங்களில் அறைகளில் பல்லிதான் தங்கும்.

"மாப்ள, ராஜபாளையத்துலருந்து ஒரு குடும்பம் வந்து நிக்குது. சட்டி பானை, நல்லெண்ணெய் எல்லாத்தோடயும் நிக்காங்க. ரூம் புக் பண்ணிருக்கோம்னு சொல்லுதாங்க. நம்ம கம்ப்யூட்டர்ல இன்னைக்கு அவங்க பேரே இல்ல. அந்த ரூம்ல வேற ஆள் இருக்கு."

"அவங்களுக்கு மெசேஜ் போயிருக்கா மச்சான்?"

"போயிருக்கே! நம்ம லாட்ஜ் பேருலதான் வந்திருக்கு. வெளிய மழை கொட்டுது. கைப்பிள்ளை வேற அழுவுது. சீசன்ல இப்படி ஒரு பேரு வாங்குனா அவ்வளவுதான், ஒருத்தனும் நம்ம பக்கம் வரமாட்டான்."

பேஸ்ட் நுரையை விழுங்கிவிட்டேன்.

உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். தென்காசி வீட்டில் உட்கார்ந்து சாஃப்ட்வேர் எழுதுகிறவன் நான். எங்கோ ஓடுகிற ஒரு வாடகை லினக்ஸ் சர்வரில் எங்கள் குடும்பத்துப் புரோகிராம்கள் எல்லாம் குடியிருக்கின்றன. மச்சானின் ரூம் புக்கிங் ஒன்று. எந்த அருவியில் இன்று குளிக்கலாம் என்று வாடிக்கையாளர்களுக்குக் காலையில் மெசேஜ் அனுப்புவது இன்னொன்று. இப்படிச் சில.

ஒவ்வொரு புரோகிராமுக்கும் துணைக்குச் சில பேக்கேஜ்கள், அதாவது பிறர் எழுதிவைத்த குட்டிப் புரோகிராம்கள், வேண்டும். ஒன்றுக்குப் பழைய வெர்ஷன்தான் ஒத்துக்கொள்ளும், மற்றொன்று புதியதுதான் வேண்டும் என்று நிற்கும். ஒரே இடத்தில் போட்டால் சண்டை. அதனால் ஆளுக்கொரு தனி அறை கொடுத்து, அதற்கு வேண்டியதை அதற்குள்ளேயே வைத்துவிடுவோம். விர்ச்சுவல் என்விரான்மென்ட் என்று பெயர்.

இதை மச்சானுக்கு நான் விளக்கிய விதம் இருக்கிறதே... அவர் லாட்ஜில் குடும்பங்கள் தாங்களே சமைத்துக்கொள்வார்கள். அடுப்பு, குக்கர், கரண்டி எல்லாவற்றிலும் ரூம் நம்பரைப் பெயின்டில் எழுதி வைத்திருப்பார். "மூணாம் நம்பர் கரண்டி அஞ்சாம் நம்பர் ரூமுக்குப் போகக்கூடாதுல்லா? அதேதான் மச்சான்!" என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது. அந்தப் பெருமையை நான் எழுதும் இந்தப் பத்தியில் முன்பே ஒருமுறை அளந்திருக்கிறேன். நீங்களும் பாராட்டி எழுதினீர்கள். நானும் கூச்சமில்லாமல் நன்றி சொன்னேன்.

அன்று சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. எல்லாப் புரோகிராமுக்கும் அறை கொடுத்தேன் — புக்கிங் புரோகிராமைத் தவிர!

அதுதான் முதலில் வந்தது. அப்போது வேறு யாரும் இல்லையே என்று சர்வரின் பொது ஹாலிலேயே பாயை விரித்துப் படுக்க வைத்தேன். சீசன் முடிந்ததும் மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். சீசன் முடிந்தது. அடுத்த சீசன் வருவதற்குள் மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். உங்களுக்குத் தெரியாதா என்ன?

இந்த முறை சாரல் தொடங்கியதும், அருவி புரோகிராமுக்குத் தேதியைப் படித்துச் சொல்லும் பேக்கேஜில் புதிய வெர்ஷன் வந்திருப்பதைப் பார்த்தேன். பழையதே நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. இருந்தாலும் கை சும்மா இருக்குமா?

முதலில் அருவி புரோகிராமின் அறைக்குள் நுழைய வேண்டும். அதற்கு ஒரே ஒரு வரி கமாண்ட். பிறகுதான் இன்ஸ்டால். நான் நுழைய மறந்துவிட்டேன். ஹாலில் நின்றபடியே இன்ஸ்டால் அடித்தேன்.

சர்வர் மறுத்தது. 'இது பொது இடம், இங்கே கை வைக்காதே. மீறித்தான் செய்வேன் என்றால், சிஸ்டம் பேக்கேஜ்களை உடை என்று நீயே டைப் செய்' என்கிற அர்த்தத்தில் ஒரு எச்சரிக்கை. நான் ஜோடிக்கவில்லை சார், உண்மையிலேயே அந்த வார்த்தைகளைத்தான் ஆங்கிலத்தில் அடிக்கச் சொல்கிறது. புத்தியுள்ளவன் அடிப்பானா? எனக்கு டீ ஆறிக்கொண்டிருந்தது. அடித்தேன்.

மெயின் அருவியில் வெள்ளம் வருகிறது என்று போலீஸ்காரர் விசில் அடிக்கும்போது, 'ஒரே ஒரு முழுக்கு சார்' என்று தலையில் எண்ணெயோடு கெஞ்சுகிறவர்களைப் பார்த்து எத்தனையோ முறை சிரித்திருக்கிறேன். கீபோர்டு முன்னால் நானும் அதே ஆள்தான்.

விளைவு என்ன? அருவி புரோகிராமுக்கு அந்த அப்டேட் போய்ச் சேரவே இல்லை. அது தன் அறையில் பழைய பேக்கேஜோடு நிம்மதியாக இருந்தது. ஹாலில் கிடந்த புக்கிங் புரோகிராம்தான் மாட்டிக்கொண்டது. 8/7 என்றால் ஜூலை எட்டு என்றுதான் அதுவரை படித்துவந்தது. புதிய பேக்கேஜ் அமெரிக்கப் பழக்கத்தில் மாதத்தை முன்னால் வைத்து, ஆகஸ்ட் ஏழு என்று படித்தது. ராஜபாளையம் குடும்பத்தைச் சத்தமில்லாமல் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு, அவர்கள் ரூமை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டது. பன்னிரண்டாம் தேதிக்கு மேல் புக் செய்தவர்கள் தப்பித்தார்கள் — பதின்மூன்றாவது மாதம் என்று ஒன்று இல்லாத புண்ணியத்தில்.

இதில் கூத்து, அன்று காலை அந்தக் குடும்பத்துக்கு, தேதியைச் சரியாகப் படித்த அருவி புரோகிராமும் மெசேஜ் அனுப்பியிருந்தது. 'ஐந்தருவியில் குளிக்க அனுமதி உண்டு. வாருங்கள்!'

மச்சானிடம் உண்மையைச் சொன்னேன்.

"மூணாம் நம்பர் கரண்டின்னு எனக்கு அவ்வளவு பாடம் எடுத்தியே மாப்ள..." என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "இங்கன எல்லா லாட்ஜும் ஃபுல்லு. இவங்கள நான் எங்க கொண்டு விட?"

மனைவி போனைப் பிடுங்கினாள். "அண்ணே, அவங்கள நம்ம வீட்டுக்கு அனுப்பு."

வேன் வந்து நின்றது. முதலில் இறங்கியவர் குடும்பத்தின் பெரியவரான அண்ணாச்சி. நனைந்திருந்தார். "சார், தப்பு என்மேலதான். பேக்கேஜ் வெர்ஷன்ல என்ன ஆச்சுன்னா..." என்று ஆரம்பித்தேன்.

"அது இருக்கட்டும் தம்பி. பாத்ரூம் எங்க இருக்கு?" என்றார்.

பெட்ரூம்களை அவர்களுக்கு ஒழித்துக் கொடுத்தோம். அரை மணி நேரத்தில் அவர்கள் குக்கர் மூடி எங்கள் குக்கரில் உட்கார மறுத்தது. என் துண்டு யார் தோளிலோ ஏறி ஐந்தருவிக்குப் போனது. நான் ஹாலின் மூலையில் லேப்டாப்போடு ஒடுங்கி, பழைய பேக்கேஜைத் திரும்பக் கொண்டுவந்து, புக்கிங் புரோகிராமுக்கு ஒருவழியாகத் தனி அறை கட்டினேன். மாதம் மாறிப்போன மற்ற புக்கிங்குகளையும் தேடிச் சரிசெய்தேன். நல்லவேளை, அவர்கள் யாரும் இன்னும் கிளம்பியிருக்கவில்லை.

நேற்று அந்தக் குடும்பம் ஊருக்குக் கிளம்பியது. அண்ணாச்சிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "உங்க அண்ணன் ரொம்பத் தங்கமான ஆளும்மா. தினமும் வந்து பாத்துட்டுப் போனாரு. அடுத்த சீசனுக்கும் அங்கதான் வருவோம், இப்பமே புக் பண்ணிருங்க" என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மனைவி சொன்னாள். "தாராளமா வாங்க அண்ணாச்சி. தேதிய மட்டும் எங்கிட்ட வாயால சொல்லிருங்க. இவரு மெஷின்ல போடாதீங்க."

புக்கிங் புரோகிராம் இப்போது தனி அறையில் சௌக்கியமாக இருக்கிறது. விருந்தாளிகள் போன பிறகும் ஹாலில் படுத்திருப்பது நான்தான்.