கார்சிகா மலையில் கேட்ட கேள்வி

சாந்தோமிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடந்தே போகிறவர்கள் பையில் சாப்பாடு வைத்துக்கொள்வதில்லை. காவி உடுத்திக் கிளம்பிவிட்டால் போதும். கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுக யாராவது பந்தல் போட்டு, மோரும் எலுமிச்சைச் சாதமும் வைத்துக்கொண்டு, கையைப் பிடித்து இழுத்து உட்கார வைப்பார்கள். நானும் என் கணவரும் வருடா வருடம் போனவர்கள். மகள் உடம்பு முடியாமல் படுத்திருந்த வருடம் அவளுக்காக வேண்டிக்கொண்டு போனோம். அவள் பிழைக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் கோவிலுக்கும் போவதில்லை, அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதும் இல்லை.

பேச்சுக்குப் பதிலாக ஓட ஆரம்பித்தார். விடிந்தால் அடையாறு பாலம், சாயங்காலம் எங்கள் அடுக்குமாடியின் படிக்கட்டு, முதுகில் அரிசி கட்டிய பை. ஒருநாள், பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த கார்சிகா என்கிற தீவின் மலைப்பாதையில் குறைந்த சுமையோடு, பாதி ஓட்டமும் பாதி நடையுமாகப் பல நாள் போகலாம் என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. வா என்றால் வருவேன், சாப்பிடு என்றால் சாப்பிடுவேன். அப்படித்தான் இருந்தேன்.

நொச்சிக்குப்பத்தில் மீன் வாங்கப் போனால்கூட யாராவது கேட்டுவிடுவார்கள்: "உனக்கு எத்தினி புள்ளைங்க கீது?" அவர் உடனே மீனைப் பார்க்க ஆரம்பிப்பார். "இல்லை" என்று நான்தான் சொல்வேன். இருந்தாள் என்று சொன்னால் உச்சுக் கொட்டுவார்கள். அதற்கு இது மேல். இல்லை என்றாலும் சும்மா விடுவார்களா? சைதாப்பேட்டையில் ஒரு நல்ல டாக்டர் இருக்கிறார் என்பார்கள். தலையாட்டிவிட்டு வஞ்சிரத்தை வாங்கிக்கொண்டு வருவேன்.

கார்சிகாவின் அந்த மலையில் பாறைமேல் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்டிருக்கிறார்கள். கோட்டைப் பார்த்துக் காலை வைக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. எனக்கு அது வசதியாகவே இருந்தது. கால் விரல் நகம் ஒன்று கறுத்துப்போனது. பார்த்துவிட்டு சாக்ஸைப் போட்டுக்கொண்டேன். ஓரிடத்தில் எல்லாரும் நின்று, தூரத்தில் தெரிந்த கடலைப் படம் எடுத்தார்கள். மெரினாவில் பார்க்காத கடலா என்று நான் நிற்காமல் நடந்தேன்.

இரண்டு நாள் தூரத்தை ஒரே நாளில் முடித்துவிடுவது என்று கிளம்பிய அன்று, வழியிலிருந்த மலை விடுதியைக் காலையிலேயே கடந்தோம். ரொட்டி வாங்கிக்கொள்ளலாமா என்று அவர் கேட்டார்.

"எதுக்குங்க சுமை? வழியில யாராச்சும் வெச்சிருப்பாங்க," என்றேன்.

அவரும் சரி என்றுவிட்டார். வேளாங்கண்ணிக்கு நடந்து பழகிய இரண்டு பைத்தியங்களைத் தவிர வேறு யாருக்கும் அப்படித் தோன்றியிருக்காது. பந்தல் போட அங்கே யார் இருக்கிறார்கள்? உச்சி வேளைக்குள் கையிலிருந்த கடலைமிட்டாய் தீர்ந்தது. அடுத்த ஏற்றத்தில் அவர் பசி தாங்காமல் பாறை நிழலில் உட்கார்ந்துவிட்டார்.

பின்னால் வந்த வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று எங்களைப் பார்த்ததுமே புரிந்துகொண்டது. தலை நரைத்தவர்கள், ஆங்கிலம் அரைகுறை. ரொட்டியும் ஆட்டுப்பால் சீஸும் வெட்டிக் கொடுத்தார்கள். பேச்சு கொடுக்கும் விதமாக அந்த அம்மாள், எத்தனை பிள்ளைகள் என்று கேட்டாள். கடல் தாண்டி வந்தாலும் இந்தக் கேள்வி விடாது போலிருக்கிறது. பழக்கத்தில் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.

"ஒரு பெண் இருந்தாள். எட்டு வயதில் இறந்துவிட்டாள்," என்று என் கணவர் ஆங்கிலத்தில் சொன்னார்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். ஒரே வீட்டில் இருந்துகொண்டு என்னிடம் பேசாததை, பேர்கூடத் தெரியாதவர்களிடம் சொல்கிறாரே! அந்த அம்மாள் உச்சுக் கொட்டவில்லை. எப்படிப்பட்ட பெண் என்று மட்டும் கேட்டாள். பரங்கிமலைக்குக் கூட்டிப்போனால் இறங்கும்போது எங்களை விட்டுவிட்டு ஓடுவாள், ஏறும்போது பாதிப் படியில் உட்கார்ந்து தூக்கச் சொல்லி அடம்பிடிப்பாள் என்றார் அவர்.

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"உன்னைத்தான் தூக்கச் சொல்லுவா. நான் கை நீட்டினாலும் வர மாட்டா."

அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கையிலிருந்த ரொட்டியைத் தின்று முடித்தேன். அவர் சொன்னது சரிதான். ஒவ்வொரு தடவையும் நான்தான் அவளைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினேன். அது எனக்கு மறந்தே போயிருந்தது.