தரைக்கு ஓராள் உயரத்தில்

கழுத்து பிடித்துக்கொண்டதற்கு விடுதித் தலையணையைத்தான் குற்றம் சொல்ல வேண்டும். ஒரு ஊரில் தலையணை கல்லாக இருக்கும். அடுத்த ஊரில் தலை வைத்ததும் காணாமல் போய்விடும். இந்த வாரம் கல். கேப்டன் கழுத்தை இடப்பக்கம் மட்டும் திருப்ப முடிந்தவளாக, விமான நிலையத்தின் பின்வாசலை ஒட்டியிருந்த ஊழியர் அறைக்குள் நுழைந்தாள்.

இறக்கைக்கு ஒன்றாக இரண்டு விசிறி சுழலும் சின்ன விமானத்தை ஓட்டுகிறவள் அவள். அந்த மாதிரி விமானத்தை யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. பக்கத்து ஊர், அதற்கடுத்த ஊர், மறுபடி பக்கத்து ஊர் என்று டவுன் பஸ் போல நாள் முழுக்க ஏறி இறங்குகிற பிழைப்பு. படியேறும்போதே "இதுவா?" என்று முகம் சுளிப்பார்கள். பெண் குரல் ஒலிபெருக்கியில் "உங்கள் கேப்டன் பேசுகிறேன்" என்றதும் இரண்டு பேராவது தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள். அதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது தூக்கம் ஒன்றுதான்.

அன்று அவளுக்குத் துணை விமானியாக வந்தவரைக் கம்பெனியில் எல்லோரும் பெரியவர் என்பார்கள். வேறொரு கம்பெனியில் கேப்டனாக இருந்தவர். அது ஒரே நாளில் இழுத்து மூடப்பட்டதும், நரைத்த தலையோடு இங்கே வந்து வலப்பக்க நாற்காலியில் முதலிலிருந்து ஆரம்பித்தவர். முட்டி வலி, குறட்டை, ஓயாத புலம்பல், மூன்றும் உண்டு.

"தூங்கினீங்களா கேப்டன்?" என்று கேட்டார். புறப்படும் முன் ஒருவரை ஒருவர் அப்படிக் கேட்டுக்கொள்வது கம்பெனி வழக்கம்.

"நல்லாத் தூங்கினேன் சார். நீங்க?"

"நானும் நல்லாத் தூங்கினேன்."

இருவர் கண்ணுக்குக் கீழும் தொங்கிய பையில் ஒரு வாரத் துணியை மடித்து வைத்திருக்கலாம்.

"மனசுல வேற ஏதாவது?" அதுவும் கேட்க வேண்டிய கேள்விதான்.

"ஒண்ணுமில்ல சார்."

ஒன்று இருந்தது. அவளுடைய ஒரே தங்கை அன்று சாயங்காலம் ஊரைவிட்டே போகிறாள். கணவனுக்குத் தூர தேசத்தில் வேலை. இனி சில வருஷத்துக்குத் திரும்பி வருவதாக இல்லை. அம்மா போன பிறகு அக்காவுக்குத் தங்கை, தங்கைக்கு அக்கா என்றுதான் இருந்தார்கள். இருந்தார்கள் என்பதைவிட, போனில் இருந்தார்கள் என்று சொல்லலாம். தங்கை பட்டம் வாங்கிய அன்று அக்கா வேறு ஊரில் பனிமூட்டத்தில் மாட்டிக்கொண்டிருந்தாள். தங்கை கல்யாணத்தைப் பதிவு செய்த அன்று, எல்லோரும் போட்டோவுக்கு நின்று கலைந்த பிறகு சீருடையோடு ஓடி வந்தாள். தங்கையின் பெண் குழந்தை குப்புற விழ ஆரம்பித்த பிறகுதான் முதல்முறை கையில் தூக்கினாள். குழந்தை அவளைப் பார்த்தால் "ப்ளேன்" என்கிறது. பெரியம்மா என்று சொல்ல இன்னும் வரவில்லை.

முந்தின நாள் தங்கை கூப்பிட்டிருந்தாள்.

"ஏய் ஒட்டடைக்குச்சி, நீ மத்தியானம் இறங்கறே. நாங்க சாயங்காலம் ஏறறோம். நடுவுல ரெண்டு மணி நேரம் இருக்கு. வருவியா?"

"இறங்கறதே அங்கதான்டி. வராம எங்க போவேன்?"

"உன் வாயால சொல்லாதே. நீ வரேன்னு சொன்ன நாள்லதான் வராம போயிருக்கே."

"நான்தானே ஓட்டிட்டு வரேன். என்னை யாரு நிறுத்தறது?"

"நிறுத்தறதுக்கு ஆளா இல்ல உனக்கு? மழை நிறுத்தும், பனி நிறுத்தும், கம்பெனி நிறுத்தும். சரி, வந்து சேரு. ஒரு தடவையாவது கட்டிப்புடிச்சுட்டுப் போறேன்."

கடைசி வாக்கியத்தைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் சிரிப்பு முடிவதற்குள் போனை வைத்துவிட்டாள்.

இப்போது, வீடு இருக்கும் ஊரை நோக்கி வருகிற அன்றைய கடைசிப் பயணத்தில், கீழிருந்து கட்டுப்பாட்டு டவர் காற்றின் வேகத்தைச் சொன்னது. பெரியவர் உதட்டைப் பிதுக்கினார்.

அந்த ஊர் விமான நிலையத்துக்கு ஒரே ஒரு ஓடுபாதை. கட்டியவர்கள் நிலம் கிடைத்த பக்கமாகக் கட்டிவிட்டார்கள். காற்று அதைப்பற்றிக் கவலைப்படாமல் தன் பக்கமாக வீசியது. மத்தியானத்தில் கடலிலிருந்து கிளம்பி, ஓடுபாதைக்குக் குறுக்கே அறைந்துகொண்டு போகும். காற்று பலமான நாட்களில் அட்டவணையில் இவள் பெயர் இருந்தால் மற்றவர்கள் நிம்மதியாகச் சாயா குடிக்கப் போவார்கள். "காத்துக்காரி இருக்கா, பாத்துப்பா" என்பார்கள். அதைக் கேட்க அவளுக்குப் பிடிக்கும். பிடிக்காதது போல நடந்துகொள்வாள்.

"இவ்வளவு காத்து நம்ம வரம்புக்குள்ளதான் இருக்கு," என்றார் பெரியவர். "மயிரிழையில."

"பாப்போம் சார்."

மேகத்தைவிட்டு வெளியே வந்ததும் ஓடுபாதை தெரிந்தது. அவளுக்கு நேர் எதிரே இல்லை, பெரியவருடைய கண்ணாடிக்கு வெளியே. குறுக்குக் காற்றில் அப்படித்தான் தெரிய வேண்டும். ஆற்றைக் கடக்கிற படகுக்காரன் எதிர்க்கரைத் துறையைப் பார்த்து நேராகத் துடுப்புப் போட்டால் எங்கோ கீழே போய் ஒதுங்குவான். தண்ணீர் வருகிற பக்கம் மூக்கை வைத்தால்தான் துறைக்குப் போய்ச் சேருவான். விமானத்துக்கும் அதே கதி. மூக்கு ஒரு பக்கம் பார்க்க, உடம்பு இன்னொரு பக்கம் நகர, நண்டு போல வந்து சேர வேண்டும்.

சிரமம் கடைசியில்தான். சக்கரம் தொடுவதற்குச் சற்று முன் காலடிப் பெடலை மிதித்து மூக்கை நேராக்க வேண்டும். அதே மூச்சில் காற்று வரும் பக்கத்து இறக்கையைக் கையால் தாழ்த்திப் பிடிக்க வேண்டும். சீக்கிரம் மிதித்தால் காற்று ஓரத்துக்குத் தள்ளிவிடும். தாமதமாக மிதித்தால் சக்கரம் கோணலாக இறங்கும். தொட்ட பிறகும் கையை எடுக்கக் கூடாது, காற்று இறக்கையைத் தூக்கப் பார்த்துக்கொண்டே இருக்கும். தரையைத் தொட்டதுமே வேலை முடிந்தது என்று உடம்பு நினைத்துவிடும். அந்த இடத்தில் கோட்டை விட்டவர்கள் நிறைய.

முதல் முறை தாழ்வாக வரும்போதே காற்று ஒரு அறை அறைந்தது. இறக்கை சாய்ந்தது. பின்னாலிருந்து ஒரு குழந்தையின் வீறலும் ஏதோ உருளும் சத்தமும் வந்தன.

"கோ அரவுண்ட்," என்று அவளே சொல்லி, இறங்குவதைக் கைவிட்டு எஞ்சின் விசையை முன்னால் தள்ளினாள். விமானம் முனகிக்கொண்டு மேலே ஏறியது. வியர்வை முதுகில் இறங்கியது. கழுத்து வலி கூடத் தெரியவில்லை.

"இன்னொரு சுத்துக்கு எண்ணெய் இருக்கு," என்றார் பெரியவர். "அப்பவும் இல்லேன்னா அடுத்த ஊர்தான். அங்க காத்து நேரா இருக்காம்."

அடுத்த ஊர் என்றால் தங்கை இல்லை. அவள் அதைச் சொல்லவில்லை. கீழே விமான நிலையக் கட்டடத்தின் நீளமான கண்ணாடிச் சுவர் வெயிலில் ஒருமுறை மின்னிவிட்டுப் பின்னால் போனது. அந்தக் கண்ணாடிக்குப் பின்னால்தான் தங்கை நிற்பாள்.

இரண்டாவது முறை எல்லாம் சொன்னபடி கேட்டது. எப்போதாவதுதான் அப்படி அமையும். காற்று பலமாகத்தான் இருந்தது, ஆனால் ஒரே மாதிரி இருந்தது. அதன் கனத்தைக் கைக்குள் வாங்கி வைத்துக்கொண்டது போல இருந்தது அவளுக்கு. ஓடுபாதையின் நடுக்கோடு நழுவவில்லை. தரை விரிந்து மேலே வந்தது. இதோ, ஓராள் உயரம். கால் மிதிக்கத் தயாராக இருந்தது.

"கோ அரவுண்ட்!" என்றார் பெரியவர்.

இந்தத் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. அந்தச் சொல்லை இருவரில் யார் சொன்னாலும் மற்றவர் செய்துவிட வேண்டும். கேப்டன், துணை என்ற பேச்சு அங்கே கிடையாது. ஏன் என்று கேட்பதெல்லாம் தரையில் வந்து, எஞ்சினை அணைத்த பிறகு. அந்தக் கட்டுப்பாட்டினால்தான் பலர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுகிறார்கள் என்று அவளே பலரிடம் சொல்லியிருக்கிறாள்.

கை முன்னால் தள்ளியது. மனம் தள்ளவில்லை. விமானம் நடுக்கோட்டின்மேல் ஓராள் உயரத்தில் ஒரு கணம் அப்படியே ஓடி, பிறகு ஏறியது. கண்ணாடிச் சுவர் மறுபடியும் பக்கத்தில் வந்து, தாழ்ந்து, போய்விட்டது.

அடுத்த ஊர்வரை தேவையான வார்த்தைகளைத் தவிர இருவரும் பேசவில்லை. சக்கரம், உயரம், வேகம். அவற்றைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் அவளுக்கு அந்த மனிதரின் நரைமுடி முளைத்த காதைப் பிடித்துத் திருக வேண்டும் போலிருந்தது. அடுத்த ஊரில் காற்று சாதுவாக எதிரே வீசியது. பூ வைத்தது போல இறக்கினாள். அந்த மென்மை அவளுக்கே எரிச்சலாக இருந்தது.

இறங்குகிறவர்களுக்கு வணக்கம் சொல்ல வாசலில் போய் நின்றாள். ஒரு தடித்த ஆள் பையை இடித்துக்கொண்டே வந்தார்.

"ஊருக்கு மேல ரெண்டு வாட்டி காட்டிட்டு இங்க கொண்டாந்து விட்டுட்டீங்களேம்மா. பஸ்ஸா இருந்தா நான் குதிச்சிருப்பேன்."

"நல்லவேளை பஸ் இல்ல சார்," என்றாள் பக்கத்தில் நின்ற பணிப்பெண்.

பின்னால் வந்த ஒரு அம்மாள் ஒன்றும் பேசாமல் கேப்டனின் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள். இரண்டுக்கும் அவள் ஒரே தலையசைப்புத்தான் வைத்திருந்தாள்.

எல்லோரும் போன பிறகு விமானி அறைக்குத் திரும்பினாள். பெரியவர் முட்டியைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இப்ப கேக்கலாமா சார்?"

"கேளுங்க."

"என்ன பாத்தீங்க? கோடு சரியா இருந்துச்சு. வேகம் சரியா இருந்துச்சு."

"எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு."

"பின்ன?"

அவர் தொண்டையைச் செருமினார். "ஒரு மூச்சு கேட்டுச்சு. அப்பாடான்னு. இன்னும் தொடவே இல்ல, அதுக்குள்ள இறங்கிட்ட மாதிரி ஒரு மூச்சு. பகீர்னு ஆயிடுச்சு எனக்கு. வாயில வந்ததைச் சொல்லிட்டேன்."

"நான் மூச்சு விட்டேனா?"

"நீங்கதான்னு நினைச்சேன்." முட்டியைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டு வெளியே பார்த்தார். "இப்ப யோசிச்சா என்னோட மூச்சாக்கூட இருக்கலாம். எனக்கும் வீடு அங்கதானே கேப்டன்."

அவள் சிரித்துவிட்டாள். அழுவதற்குத் தெம்பில்லாததால் வந்த சிரிப்பு. பிறகு தங்கையைப் பற்றிச் சொன்னாள். பெரியவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"காலையில கேட்டேனே. மனசுல ஏதாவதுன்னு."

"கேட்டீங்க."

"நானும் யோக்கியன் இல்ல. ராத்திரி முழுக்கக் கண்ணு மூடல. நல்லாத் தூங்கினேன்னு சொன்னேன்." சற்றுப் பொறுத்து, "நீங்க இறக்கியிருப்பீங்கன்னுதான் நினைக்கிறேன்," என்றார்.

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்," என்றாள் அவள். இனி யாருக்கும் தெரியப் போவதில்லை. இறங்கியிருந்தால் அது ஒரு கதை, இறங்காதது இன்னொரு கதை. இரண்டையும் ஒரே காற்றில் பறந்து பார்க்க முடியாது.

அன்றைய பணிநேரம் முடிந்துவிட்டது. காற்று தணிந்த பிறகு விமானத்தை வேறு ஆட்கள் எடுத்துப் போவார்கள். அவளுக்கு இன்னொரு விடுதி, இன்னொரு தலையணை. விடுதி வண்டிக்காகக் காத்திருந்தபோது போன் அடித்தது.

"பாத்தோம்," என்றாள் தங்கை. "ரெண்டு தடவையும் பாத்தோம். கண்ணாடிகிட்ட ஒரே கூட்டம். ரெண்டாவது தடவை சக்கரம் கைக்கெட்டற மாதிரி வந்துச்சு. நான் பாப்பாவைத் தூக்கிக் காட்டிட்டேன். அதுக்குள்ள மேல போயிட்டே."

"ஸாரிடி."

"வாசல்வரைக்கும் வந்துட்டு அப்படியே திரும்பிப் போறதுக்கு உன்னை விட்டா ஆளே கிடையாது. யாரு திரும்பச் சொன்னது? நீயா?"

பெரியவர் பக்கத்தில்தான் நின்றார். காதில் விழாதது போலப் பெட்டியின் கைப்பிடியை இழுத்து, மடக்கி, மறுபடி இழுத்துக்கொண்டிருந்தார்.

"நாங்க ரெண்டு பேரும்," என்றாள் கேப்டன்.

பின்னணியில் ஏதோ அறிவிப்பு ஓடியது. அவர்களைத்தான் கூப்பிடுகிறார்கள் போலிருந்தது.

"உங்க ப்ளேன் லேட் இல்லையா?" என்று கேட்டாள் கேப்டன்.

"எங்களது மலை மாதிரி இருக்கு. இந்தக் காத்தெல்லாம் அதுக்குத் தும்மல் மாதிரியாம். இவர் சொல்றார்." தங்கையின் குரல் இறங்கியது. "அக்கா, நாங்க போய் இறங்கற இடத்துல இதைவிடப் பெரிய காத்து அடிச்சா?"

"முடியலேன்னா ஓட்டறவங்க மறுபடி மேல ஏறிடுவாங்க."

"வெளியில அவங்களுக்காக யாராவது நின்னுக்கிட்டு இருந்தா?"

"இருந்தாலும் ஏறிடுவாங்க."

"நிச்சயமா?"

கேப்டன் போனை மறு காதுக்கு மாற்றினாள். நிச்சயம் என்று சொல்லத் தெரிந்த ஆள் இல்லை அவள், அதுவும் இன்றைக்கு. "பக்கத்துல இன்னொருத்தர் இருப்பார்," என்றாள். "ஒருத்தர் மறந்தா இன்னொருத்தர் சொல்லுவார்."

தங்கை மூக்கை உறிஞ்சினாள். "சரி. பாப்பா மடியில இருப்பா. அந்த இன்னொருத்தர் முழிச்சுக்கிட்டு இருந்தா போதும். ஆனா உன்னைத் திட்டறதை நான் விடமாட்டேன், சொல்லிட்டேன். அங்க போயும் திட்டுவேன்."

"திட்டு. நேரம் பாத்துத் திட்டு. நான் தூங்கணும்."

"என்னிக்கு நீ தூங்கியிருக்கே," என்றாள் தங்கை. இணைப்பு அறுந்தது.

விடுதி வண்டி வந்தது. பெரியவர் அவளுடைய பெட்டியையும் சேர்த்துத் தூக்கப் போனார்.

"விடுங்க சார், உங்க முட்டிக்கு நான் பதில் சொல்ல முடியாது," என்று வாங்கிக்கொண்டு ஏறினாள். வண்டியில் உட்கார்ந்தும் மிதிக்காமல் விட்ட கால் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார். தன் காலை நீட்டிக் காட்டினார். அதுவும் நடுங்கியது.