பூச்சி தின்னும் செடியும் வெள்ளிக்கிழமைச் சைவமும்

மனைவி காலமான பிறகு, நான் திருகோணமலையில் தனியாக இருப்பதா, கொழும்பில் மகளோடு போய் இருப்பதா என்ற வழக்கு எங்களுக்குள் இழுபட்டுக்கொண்டிருந்தது. சித்திரை வருஷப்பிறப்புக்கு வந்த மகள் தீர்ப்பைத் தான் கொண்டுவந்த ஒரு செடியிடம் ஒப்படைத்தாள். இலை நுனிகளில் மூடி போட்ட குடுவைகள் தொங்கும் செடி. எறும்பு வழுக்கி உள்ளே விழுந்தால் அதுதான் அதற்குச் சாப்பாடு.

"ஆவணியில நான் வரேக்க இது உயிரோட இருந்தா நீங்கள் இங்கயே இருக்கலாம். செத்துப்போனா பெட்டியைக் கட்டுங்கோ."

"செடிக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?"

"ரெண்டு பேருக்கும் பாக்க ஒரு ஆள் வேணும், அப்பா."

நான் அரச சேவையில் தலை நரைத்தவன். எதற்கும் ஓர் ஒழுங்குமுறை உண்டென்று நம்புகிறவன். செடிக்கான ஒழுங்குமுறை கிணற்றுத் தண்ணீரும் மாட்டெருவும். இரண்டையும் குறைவில்லாமல் வழங்கினேன். செடி மஞ்சளடித்தது.

எனக்கு மதியச் சோறு தந்துவிடும் பக்கத்து வீட்டம்மாவின் கவலை வேறு.

"அண்ணை, இது வெள்ளிக்கிழமையும் எறும்பு தின்னுதோ?"

"அதுக்குக் கிழமை தெரியாது."

"சாமிப்படம் இருக்கிற வீடு. நாங்கள் சைவம், இது மட்டும் மச்சமோ?"

வெள்ளிக்கிழமைகளில் குடுவை வாய்களைப் பஞ்சால் அடைத்தார். அதோடு விட்டிருக்கலாம். பட்டினி கிடக்கிறதே என்று மனமிரங்கி, கோயிலில் கிடைத்த அபிஷேகப் பாலைக் குடுவைக்கு ஒரு கரண்டியாக ஊற்றினார். பால் புளித்தது. வீட்டு நாற்றம் கடற்கரையில் கருவாடு காயும் மீன்வாடியோடு போட்டி போட்டது. குடுவைகள் கறுத்துச் சுருங்கின.

வேறு யாருடையவோ செடியைப் பற்றி விசாரிப்பதுபோல மகளுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"எருவோ! எந்த விசரன் போட்டது? கிணத்துத் தண்ணியில இருக்கிற உப்பே அதுக்கு நஞ்சு. மழைத்தண்ணி விடச் சொல்லுங்கோ, இல்லாட்டி ஏசியில இருந்து வடியிற தண்ணி."

"அவரிட்டச் சொல்லிவிடுறன்" என்றேன்.

அது வறண்ட கச்சான் காற்றுக் காலம். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. என் வீட்டில் ஏசியும் இல்லை. துறைமுகப் பக்கம் ஒரு விடுதியின் பின்சுவரில் ஏசிக் குழாய் சொட்டுவதைக் கண்டு, காவலாளியிடம் முறைப்படி அனுமதி கேட்டேன். அவர் போத்தலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"குடிக்கவோ, சேர்?"

"செடிக்கு."

"ஓம், ஓம்" என்றார் மிகுந்த அனுதாபத்தோடு. மறுநாள் எனக்குத் தேத்தண்ணியும் ஒரு பணிஸும் வைத்திருந்தார்.

எரு மண்ணைக் கழுவி நீக்கி, தேங்காய்த் தும்பும் கரித்துண்டும் கலந்து செடியை மாற்றி நட்டேன். காற்று இலைகளைப் பொரித்தது. வீட்டில் ஈரமான இடம் குளியலறை ஒன்றுதான், ஆகவே அதன் யன்னலைச் செடிக்கு ஒதுக்கினேன். சவர்க்காரம் தெறிக்கக்கூடாது என்று நான் கிணற்றடிக்குக் குடிபெயர்ந்தேன். பக்கத்து வீட்டம்மாவும் இறங்கி வந்தார். வெள்ளிக்கிழமைகளில் குளியலறைக் கதவைச் சாத்திவிட்டால் போதுமாம். சாமி கதவைத் திறந்து பார்க்காதாம்.

ஆவணிக்கு முன் ஒரு புது இலையின் நுனி நீண்டு, ஊதி, ஒருநாள் மூடி திறந்தது. உள்ளே ஏற்கனவே ஓர் எறும்பு. பதவி உயர்வு கிடைத்தபோதுகூட நான் இவ்வளவு பேருக்குச் சொல்லித் திரிந்ததில்லை.

மகள் வந்தாள். செடியைப் பார்த்தாள். கட்டிலுக்குக் கீழே அடுக்கியிருந்த போத்தல்களைப் பார்த்தாள். கிணற்றடி வெயிலில் கறுத்த என்னைப் பார்த்தாள்.

"செடி நல்லா இருக்கு. நீங்கள்தான் சரியில்லை. ரெண்டு பேரும் வெளிக்கிடுங்கோ."

"நிபந்தனை செடிக்கு மட்டும்தான். இடையில மாத்த ஏலாது."

பக்கத்து வீட்டம்மா குறுக்கே வந்தார். "பிள்ளை, அதை அசைக்காதை! இப்பதான் வீட்டோட பழகியிருக்கு. வெள்ளிக்கிழமைக்குப் பழக்க நாங்கள் பட்ட பாடு உனக்குத் தெரியுமோ?"

மகள் குடுவையை விரலால் மெல்லத் தாங்கிப் பார்த்தாள். இடம் மாற்றினால் அது கருகும் என்று அவளுக்கும் தெரியும்.

"சரி, இருங்கோ" என்றாள் கடைசியில். "ஆனா போத்தலோட றோட்டில திரியேலாது. உங்கட அறையில ஒரு ஏசி பூட்டிவிடுறன்."

"எனக்கு ஏசி ஒத்துவராது."

"உங்களுக்கெண்டு ஆர் சொன்னது?"

இப்போது கச்சான் காற்று வெளியே அடிக்க, நான் காதை மூடித் துவாய் சுற்றி, இரண்டு போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு கிடக்கிறேன். யன்னலுக்கு வெளியே வாளி நிரம்புகிறது.