வனமாலினி பேசிய ஒரே ஒரு எபிசோடு

வனமாலினி அக்கா இறந்துபோன செய்தி வந்தபோது நான் மைக் முன்னால் நின்று வேறொரு நடிகைக்காக அழுதுகொண்டிருந்தேன். டப்பிங் கலைஞர்களுக்கு அழுகை என்பது ஆபீஸ் வேலை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த சவுண்ட் இன்ஜினியர் போனைப் பார்த்துவிட்டு, "மேடம், வனமாலினியம்மா தவறிட்டாங்களாம். காலையில, காட்டுப்பாக்கத்துல, வீட்டுலயே" என்றார். பிறகு அவரே, "இன்னும் நாலு சீன்தான் இருக்கு, முடிச்சுட்டுப் போயிடறீங்களா?" என்று கேட்டார். முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினேன். நம் தொழிலின் லட்சணம் இது. என்னுடைய லட்சணமும் இதுதான்.

வெளியே வரவேற்பறை டிவியில் அவருடைய முகம். கீழே 'ஓய்ந்தது கணீர்க் குரல்' என்று எழுத்து ஓடியது. பக்கத்திலேயே அவர் நடித்த சீரியல் காட்சி ஒன்றைப் போட்டுக் காட்டினார்கள். அதில் அவர் மகனைப் பார்த்து அழுதுகொண்டே பேசுகிறார். பேசுவது நான். அந்தக் கணீர்க் குரல் என்னுடையது. அது ஓய்ந்துவிட்டதாக நானே நின்று வாசித்துக்கொண்டிருந்தேன். அக்காவின் சொந்தக் குரலை அந்த அறையில் என்னைத் தவிர ஒருவரும் கேட்டதில்லை. கேட்காத குரலுக்கு இரங்கல் சொல்ல நம்மவர்களால்தான் முடியும்.

இந்த நினைவு மலருக்கு எழுதச் சொன்ன நண்பர்கள், "நல்லதா நாலு வார்த்தை" என்றார்கள். நல்லதாக எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். அவரோடு வேலை செய்த உங்களுக்குத் தெரிந்ததைக் கொஞ்சமும் தெரியாத ஒன்றையும் நான் எழுதிவிடுகிறேன்.

அவர் சென்னீர்குப்பத்துக்காரர். வீட்டில் வைத்த பெயர் கன்னியம்மா. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். நிலமெல்லாம் மனைகளானதும் அப்பா ஒரு தொழிற்சாலையில் காவலுக்குப் போனார். பூந்தமல்லிப் பக்கம் நடந்த ஒரு படப்பிடிப்பில் கூட்டத்தில் நிற்கப் போன பதினேழு வயதுப் பெண்ணை, அந்தப் படத்தின் இயக்குநர் முன்னால் கூப்பிட்டு நிறுத்தினார். கண்ணுக்காகத்தான். அவள் வாயைத் திறந்து "இன்னா சார்" என்றதும், "முகம் போதும், குரலுக்கு வேற ஆள் வெச்சுக்கலாம்" என்று உதவியாளரிடம் சொன்னாராம். அன்றைக்குச் சொன்னது நாற்பது வருஷம் செல்லுபடியானது. தங்கை, தோழி, இரண்டாவது கதாநாயகி, அண்ணி, கடைசியில் சீரியல் அம்மா. யார் யாரோ அவருக்காகப் பேசினார்கள். கடைசி இருபத்திரண்டு வருஷம் நான் பேசினேன்.

சாதாரணமாக நடிக்கிறவரும் குரல் கொடுக்கிறவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதில்லை. அக்கா ஒருநாள் டப்பிங் தியேட்டருக்கே என்னைத் தேடிக்கொண்டு வந்துவிட்டார். மேலும் கீழும் பார்த்தார். "நீதான் நானா? இன்னாம்மா, இம்மாந்துண்டு கீறே" என்றார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, நான் பேசிய இரண்டு காட்சிகளைப் பார்த்தார். "நல்லாத்தான் பேசுறே. ஆனா அழுவுறதுக்கு முன்னாடி ஒரு தபா மூச்ச இஸ்து புட்சிக்கிறேன் பாரு, அத்த உட்டுட்டே. அது இல்லாங்காட்டி அழுவ எங்கேர்ந்து வரும்?" அதுவரைக்கும் நான் உதட்டை மட்டும் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகுதான் நடிக்கிறவரின் கழுத்தையும் பார்க்க ஆரம்பித்தேன்.

ஒரு படத்தில் அவருக்கு இட்லிக்கடை வைத்திருக்கும் அம்மா வேஷம் கிடைத்தது. முழுக்க முழுக்க மெட்ராஸ் பேச்சு. "இத்த நான் பேசாம வேற யாரு பேசுறது?" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். படம் டப்பிங்குக்கு வந்தபோது இயக்குநர் என்னைத்தான் கூப்பிட்டார். நான் கும்பகோணத்துக்காரி, எனக்கு அந்தப் பேச்சு வராது என்றேன். "அவங்க பேசினா ரொம்ப லோக்கலா இருக்கும்மா. நீங்க கொஞ்சம் லோக்கலாப் பேசுங்க, போதும்" என்றார். இந்த வாக்கியத்தை எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். இன்னும் எனக்கு ஆறவில்லை.

அதைவிடக் கேவலம் அடுத்து நடந்தது. அந்தப் பேச்சைக் கற்றுக்கொள்ள நான் அக்காவுக்கே போன் போட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். மூன்று நாள் ஒவ்வொரு வரியாகச் சொல்லிக் கொடுத்தார். "'கீது'ன்னு சொல்றப்ப வாய அவ்ளோ தொறக்காதே. எங்களுக்கு அவ்ளோ நேரம் இல்ல" என்றார். அந்தப் படத்துக்காக எனக்குச் சிறந்த பின்னணிக் குரல் என்று ஒரு விருது கொடுத்தார்கள். மேடையில் இயக்குநருக்கும் தயாரிப்பாளருக்கும் என் வீட்டுக்காரருக்கும் நன்றி சொன்னேன். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தவரைச் சொல்லவில்லை. கீழே இறங்கி, பதட்டத்தில் மறந்துவிட்டேன் என்றேன். "நல்லதாப் போச்சு உடு. சொல்லியிருந்தியானா, நான் பேசலன்றது ஊருக்கெல்லாம் தெரிஞ்சிருக்கும்" என்றார்.

போன வருஷம் ஒரு சீரியலில் அவர் ஆசை கைகூடியது. இளவயது இயக்குநர் ஒருவர், "அம்மா, நீங்களே பேசுங்க" என்று சொல்லிவிட்டார். ஒரு எபிசோடுக்கு அக்காவே டப்பிங் பேசினார். வீட்டைவிட்டுப் போன மகன் திரும்பி வந்து வாசலில் நிற்கிற காட்சி. "கதவு திறந்துதான் இருக்கு. நீ வரலாம். நான் எழுந்து வரமாட்டேன்" என்று அம்மா சொல்ல வேண்டும். பேசி முடித்த கையோடு எனக்குப் போன் போட்டார். "ராஜிம்மா, நான் பேசிட்டேன்" என்றார். உடனே வைத்துவிட்டார்.

எபிசோடு ஒளிபரப்பானது. மறுநாள் சேனலுக்குப் புகார் மேல் புகார். அம்மாவின் குரலுக்கு என்ன ஆயிற்று, யாரோ டூப் பேசுகிறார்கள், பழைய குரலைத் திருப்பிக் கொடுங்கள் என்று ஜனங்கள் எழுதினார்கள். நாற்பது வருஷத்தில் முதல் தடவையாகத் தன் வாயால் பேசியவரைத்தான் டூப் என்றார்கள். கம்பெனியிலிருந்து என்னை உடனே வரச் சொன்னார்கள். அன்றைக்கு மத்தியானமே அக்காவும் போன் போட்டார். அவர் என்னிடம் எதையும் கேட்டு நான் கண்டதில்லை. அன்றைக்குக் கேட்டார்.

"ஒரு வாரம் வராதே ராஜிம்மா. ஒடம்பு சரியில்லன்னு சொல்லிக்கோ. ஒரு வாரம் கேட்டுகினே இர்ந்தா ஜனங்களுக்குப் பயகிப் பூடும். அப்பால யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

சரிக்கா என்றேன். மூன்றாம் நாள் போய்ப் பேசிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நான் போகாவிட்டால் வேறொருத்தி போயிருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். எனக்குப் பொறாமையாக இருந்தது. இருபத்திரண்டு வருஷம் பேசிப் பேசி, அந்த முகத்தையே என்னுடையதாக நினைக்க ஆரம்பித்திருந்தேன். அவர் தன் குரலோடு வந்ததும், என் வீட்டுக்குள் யாரோ நுழைந்துவிட்ட மாதிரி இருந்தது. யார் வீட்டில் யார் குடியிருந்தோம் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. போனில் மன்னிப்புக் கேட்கப் பார்த்தேன். "வேலைன்னு கூப்ட்டா போவாம இருப்பியா, உடும்மா" என்று அவரே எனக்கு ஒரு சாக்கும் சொல்லிக் கொடுத்தார். கூச்சமில்லாமல் அதை எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு ஏழு மாதம் என் குரலுக்கு அவர் வாயசைத்தார்.

காட்டுப்பாக்கத்தில் அவர் இருந்த அடுக்குமாடிக் குடியிருப்பில், கார் நிறுத்தும் இடத்தில் கிடத்தியிருந்தார்கள். திரையுலகத்திலிருந்து வந்தவர்கள் கேமரா இருந்தவரைக்கும் இருந்தார்கள். எதிர் வீட்டில் இருக்கும் ஒரு பெண், ஐடி கம்பெனியில் வேலை செய்கிறவள், என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "லிஃப்ட்ல பார்த்தா சிரிப்பாங்க, பேசவே மாட்டாங்க. பெரிய நடிகைன்னு கொஞ்சம் கர்வமோன்னு நினைச்சோம்." கர்வமா? வாயைத் திறந்தால் 'டிவியில் வர்ற அம்மா நீங்கதானா?' என்று சந்தேகமாகப் பார்ப்பார்கள் என்று அவர் மூடிக்கொண்ட வாய் அது. அந்தப் பெண்ணிடம் இதைச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

அக்காவின் மகள் செல்வி அதே வீட்டில் அக்காவோடு இருந்தவள், அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். எல்லாம் முடிந்து மூன்றாம் நாள் போனபோது என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தாள். "ஆன்ட்டி, அம்மா பேசுன எபிசோடு உங்ககிட்ட கீதா? ஊட்ல பேசுனது, சண்ட போட்டது எல்லாம் ஃபோன்ல கீது. நடிச்சுப் பேசுனது அது ஒண்ணுதான். நெட்ல தேடி எடுத்துப் போட்டா உங்க குரல்தான் வருது" என்றாள்.

உங்களுக்குத் தெரியாதது என்று மேலே சொன்னேனே, அது இதுதான். அந்த எபிசோடை நெட்டில் ஏற்றுவதற்கு முன்னால், எல்லாம் ஒரே குரலாக இருக்கட்டும் என்று கம்பெனி முடிவு செய்தது. என்னைக் கூப்பிட்டு அதையும் திரும்பப் பேச வைத்தார்கள். பேசும்போது வாயசைப்புக்கு அளவு பிடிப்பதற்காக ஹெட்ஃபோனில் அக்காவின் குரலையே போட்டார்கள். கொஞ்சம் கரகரத்த, அவசரமான குரல். ஆனால் அந்த வசனத்தின் கடைசி வரியில் அவர் அழவில்லை. அரிசி தீர்ந்துபோனதைச் சொல்வது போல, 'நான் எழுந்து வரமாட்டேன்' என்று சாதாரணமாகச் சொல்லியிருந்தார். அதைக் கேட்டுக்கொண்டே, அதன்மேல் நான் ஜனங்களுக்குப் பிடித்த மாதிரி அழுது பேசினேன். அக்கா பேசிய ஒலிப்பதிவை வைத்துக்கொள்ளவில்லை என்று பிறகு விசாரித்தபோது சொன்னார்கள்.

இதைச் செல்வியிடம் அப்படியே சொன்னேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அப்ப கடைசியாக் கேட்டது நீங்கதான். அம்மா எப்புடிப் பேசுச்சு? பேசிக் காட்டுங்க ஆன்ட்டி" என்றாள்.

எத்தனையோ பேருக்குப் பேசியிருக்கிறேன். குழந்தைக்கு, கிழவிக்கு, பேய்க்குக்கூட. கண்ணை மூடி, அக்கா சொன்னது போலவே சொல்லிப் பார்த்தேன்.

"இது டிவில வர்றது ஆன்ட்டி" என்றாள் செல்வி.

இன்னொரு தடவை சொன்னேன். அவள் எழுந்து போய் எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். வேண்டாம், விடுங்கள் என்றாள்.

வனமாலினி என்கிற கன்னியம்மாவிடமிருந்து என்னிடம் இருப்பது அவர் குரலில் அந்த ஒரு வரி. என் காதுக்குள் தெளிவாகக் கேட்கிறது. அதைக் கேட்க வேண்டியவள் காட்டுப்பாக்கத்தில் இருக்கிறாள்.