வெள்ளிக்கிழமையும் ஃபொயிலுக்குள் மீனும்

மீனை அலுமினிய ஃபொயிலுக்குள் வைத்து மூடிச் சமைக்க நான் பழகியது ருசிக்காக அல்ல. கனடாவில், ஸ்காபரோவில் ஒரு வீட்டின் பேஸ்மென்டில் வாடகைக்கு இருக்கிறோம். மேலே வீட்டுக்கார அன்ரி. சூடான காற்று வரும் குழாய்கள் இரண்டு தளத்துக்கும் ஒன்றுதான். கீழே மீன் பொரித்தால் மேலே சாமியறையில் மணக்கும். குடிவந்த அன்றே அன்ரி சொல்லிவிட்டார்:

"மற்ற நாளில என்னவும் சமையுங்கோ. வெள்ளிக்கிழமை மீன், இறைச்சியெண்டு மச்சம் மணந்தால் வேற இடம் பாக்கவேணும், சொல்லிப்போட்டன்."

வேறு இடம் எளிதில் கிடைக்காது. கைக்குழந்தை என்றதுமே எத்தனையோ பேர் கதவைச் சாத்தியிருந்தார்கள்.

பதினான்கு மாத மகள் அந்த வாரம் சோற்றையும் பருப்பையும் துப்பிக்கொண்டிருந்தாள். மீனை மட்டும் விழுங்கினாள். கணவருக்கு மிசிசாகாவில் ஷிஃப்ட் வேலை. லீவு நாள் வாரத்துக்கு வாரம் மாறும். எனக்கும் கிழமைகள் குழம்பிவிடும். அன்று வியாழன் என்றே நினைத்து, சால்மன் துண்டில் எலுமிச்சைச் சாறு விட்டு, ஃபொயிலின் விளிம்புகளை இரண்டு முறை மடித்து அழுத்தி அவண் அடுப்புக்குள் வைத்தேன்.

கால் மணி நேரத்தில் மேலே பூசை மணி கேட்டது. அன்ரி அவ்வளவு நீளமாக மணி அடிப்பது ஒரு நாளில் மட்டும்தான். போனை எடுத்துப் பார்த்தேன். வெள்ளி.

அவணை நிறுத்தினேன். பொட்டலத்தைப் பிரிக்காவிட்டால் மணம் வராது. ஆனால் மகள் கரண்டியால் தட்டில் அடித்து அழுதாள். வெந்திருந்தால் கொடுத்துவிடலாம். மூடிய பொட்டலத்தைப் பார்த்து எப்படித் தெரியும்?

ஒரு மூலையை மட்டும் திறந்தேன். ஓரம் வெந்திருந்தது. மூடினேன். நடுவில் பச்சையாக இருந்து வயிற்றைக் கெடுத்தால்? மறுபடி திறந்தேன். முள்ளுக்கரண்டி பட்டால் உதிர வேண்டும் என்று படித்திருந்தேன். உதிர்ந்தது. சரியாகப் பார்த்தேனா? மூன்றாம் முறை முழுவதும் பிரித்து, விரலால் முள் தேடினேன். ஆவி முகத்தில் அடித்தது. இருக்கிற ஒரே ஜன்னல் பனிக்குள் புதைந்து, திறக்க வராமல் கிடந்தது.

முதல் வாய் ஊட்டும்போது மணி நின்றது. படியில் கால் சத்தம். கதவைத் திறந்தேன். நெற்றி நிறைய விபூதியோடு அன்ரி.

"பிள்ளை, இண்டைக்கு என்ன கிழமை?"

"வெள்ளி, அன்ரி. நான் வியாழனெண்டு நினைச்சிட்டன்."

"முருகனுக்குத் தீபம் காட்டுறன், மீன் மணக்குது. நான்தான் காய்ச்சினனான் எண்டெல்லோ அவர் நினைக்கப்போறார்!"

பின்னால் மகள் அடுத்த வாய்க்கு "ஆ" என்றாள். அன்ரி எட்டிப் பார்த்தார்.

"சாப்பிடுறாளோ?"

"இது மட்டும்தான் சாப்பிடுறாள், அன்ரி."

"அப்ப ஊட்டும், ஊட்டும். நீங்கள் இடமொண்டும் பாக்கவேண்டாம். ஆனா இனி வெள்ளியில கீழ அடுப்பு மூட்டாதையும். காலமையே ரெண்டு பேரும் மேல வாங்கோ. நான் சமைக்கிறன். பின்னேரம் இறங்கலாம்."

நல்ல மனதோடுதான் சொன்னார். மறுக்க ஒரு காரணமும் என்னிடம் இல்லை.

"ஓம் அன்ரி," என்றேன்.

இப்போது வெள்ளிகளில் மேலே இருக்கிறோம். முதல் வெள்ளியன்று நான் ஊட்டிய பருப்பை மகள் துப்பினாள்.

"தாரும் இஞ்ச. உமக்கு ஊட்டத் தெரியேல்லை," என்று அன்ரி கரண்டியை வாங்கினார். அதே பருப்பை மகள் விழுங்கினாள். அன்றிலிருந்து கரண்டி அவரிடம்தான். நான் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, பின்னேரம் வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.